மீட்டரில் ஓடிய ஐநூறு கிலோமீட்டர்

முத்துக்கண்ணனைக் கஞ்சன் என்று சொல்கிறவர்கள் எஸ்டேட்டில் உண்டு. வாய் இருக்கிறது, சொல்கிறார்கள். அவன் கஞ்சன் இல்லை. பெட்ரோல் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கை இறுக்கம், அவ்வளவுதான். அதுவும் அவன் ஒருத்தனுடைய பழக்கமா என்ன? மலையில் வண்டி வைத்திருக்கிற அத்தனை பேரும் அப்படித்தான். போடிமெட்டு செக்போஸ்ட்டைத் தாண்டியதும் சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்துவிடுவார்கள். வண்டி தன் கனத்திலேயே உருளும். பதினேழு கொண்டை ஊசி வளைவையும் பிரேக்கைப் பிடித்துப் பிடித்தே இறங்கி, அடிவாரத்து முந்தலைத் தாண்டி, உருளுகிற மட்டும் உருண்டு, இனி நின்றுவிடும் என்கிற இடத்தில்தான் மறுபடி சாவியைப் போடுவார்கள். "எறக்கத்துல எதுக்குய்யா பெட்ரோலு?" என்று திருப்பிக் கேட்பார்கள். இருபது வருசத்தில் முத்துக்கண்ணன் ஒரு நாள்கூட இன்ஜினை ஓடவிட்டு மலை இறங்கியது கிடையாது. பாவி மனுசன் குடியைக் கெடுத்தது அந்தப் பழக்கம்தான்.

அவன் அப்பா மொக்கையன் தேவாரத்துக்காரர். அங்கே சோளம் போட்டால் யானை வந்து தின்றது. யானை வராத வருசம் மழையும் வரவில்லை. வெறுத்துப்போய் பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு மலையேறி, கேரள எல்லைக்குள் இருக்கிற ஏலத்தோட்டத்தில் கூலிக்குச் சேர்ந்தார். முத்துக்கண்ணன் பிறந்தது எஸ்டேட் கொடுத்த வரிசை வீட்டில். அதை லயம் என்பார்கள். எட்டாவதோடு படிப்பு நின்றது. களை வெட்டினான், மருந்தடித்தான், பத்தொன்பது வயதில் ஸ்டோருக்குப் போனான். பறித்த பச்சை ஏலக்காயைக் காயவைக்கிற கட்டிடத்துக்கு அங்கே ஸ்டோர் என்று பெயர். கீழே விறகு எரியும். சூடு குழாய் வழியாக ஏறி, மேலே கம்பிவலைத் தட்டுகளில் பரப்பிக் கிடக்கும் காயை ஒரு முழு நாள் வாட்டும். சூடு கூடினால் காய் வெடித்துப்போகும், குறைந்தால் நிறம் செத்துவிடும். முத்துக்கண்ணன் சுவரில் தொங்கும் சூடுமானியை ஏறிட்டும் பார்க்கமாட்டான், மோந்து பார்த்தே சொல்லிவிடுவான். காயவைப்பதை மலையாளத்தில் உணக்குவது என்பார்கள்; "முத்து உணக்கின காய்" என்றால் எஸ்டேட் சூப்பர்வைசர் மறுபேச்சில்லாமல் மூட்டை கட்டச் சொல்வார். சும்மா சொல்லக்கூடாது, அந்த வேலையில் அவன் ராசா.

ஜோதி போடிக்காரி. ஏலக்காயைச் சலித்துத் தரம் பிரிக்கிற கடையில் வேலை பார்த்தவள். கல்யாணம் முடிந்து இருபத்திரண்டு வருசம் ஆகிறது. பிள்ளை இல்லை. முதல் சில வருசம் அதற்காக அழுதார்கள், கோயில் கோயிலாகப் போனார்கள், அப்புறம் விட்டுவிட்டார்கள். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டால் போதும் என்று ஆகிவிட்டது. லயத்தில் இரண்டு அறைகள், வாசலில் ஒரு பட்டர் பழ மரம், பின்னால் அவள் போட்ட பீன்ஸ் கொடி. தன் அடுப்பைத் தவிர வேறு அடுப்பில் சமைத்தால் ருசி வராது என்பாள். ஊருக்கு வந்தாலும் இரண்டாம் நாளே, "வாங்க மாமா, வீட்டுக்குப் போவோம்" என்று பையை எடுத்துக்கொண்டு நிற்பாள்.

அப்படிப்பட்டவளுக்கு இரண்டு வருசத்துக்கு முன் கால் வீங்க ஆரம்பித்தது. மலைக்குளிர் என்று நினைத்தார்கள். முகமும் வீங்கியது, மூச்சு வாங்கியது. தேனி பெரியாஸ்பத்திரியில் பார்த்துவிட்டு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது என்றார்கள். வாரம் இரண்டு தரம் வந்து மெஷினில் ரத்தம் சுத்தம் செய்யவேண்டும், ஆயுசு பூராவும். அதற்காக இடது கையில் இரண்டு நரம்புகளைச் சேர்த்துத் தைத்தார்கள். ஃபிஸ்டுலா என்று அதற்குப் பெயர். ஆறு வாரம் அந்தக் கையைப் பூப்போல வைத்திருக்கவேண்டும், நரம்பு பருத்துப் பதமானால்தான் ஊசி குத்தலாம் என்றார்கள். முத்துக்கண்ணன் ஆறு வாரமும் அந்தக் கையில் ஒரு சொம்பைக்கூடத் தூக்கவிடவில்லை. தைத்த இடத்தில் விரலை வைத்தால் உள்ளே விர்ரென்று ரத்தம் ஓடுவது தெரியும். அது ஓடுகிறதா என்று தினமும் தொட்டுப் பார்க்கவேண்டும் என்று நர்சு சொல்லியிருந்தாள். அவன் காலையில் கண் விழித்ததும் முதல் வேலையாக அதைத் தொட்டுப் பார்த்தான்.

சரி, மலையிலிருந்து வாரம் இரண்டு தரம் எப்படிப் போய்வருவது? காலையில் ஜீப்புகளெல்லாம் போடியிலிருந்து ஆள் ஏற்றிக்கொண்டு மேலே வரும், சாயங்காலம் இறங்கிப்போகும். ஜோதிக்கு வேண்டியது அதற்கு நேர் எதிர். காலையில் இறங்கவேண்டும், சாயங்காலம் ஏறவேண்டும். பஸ்ஸில் ஏற்றிப் பார்த்தான். மெஷினில் நாலு மணி நேரம் கிடந்துவிட்டு வருகிறவளுக்கு வளைவுக்கு வளைவு வாந்தி. பஸ் நிற்கிற ரோட்டிலிருந்து லயம் வரை இரண்டு கிலோமீட்டர் கல்பாதை வேறு. வழியில்லாமல் போடியில் அவள் அண்ணன் விஜயபாண்டி வீட்டில் கொண்டுபோய் விட்டான். முத்துக்கண்ணனும் கீழேயே தங்கலாம் என்று வேலை தேடிப் பார்த்தான். மூட்டை தூக்கத்தான் கூப்பிட்டார்கள்; நாற்பத்தாறு வயதில் அவன் இடுப்பு அதற்கு ஒத்துழைக்கவில்லை. ஸ்டோர் வேலையை விட்டால் லயத்து வீடும் போய்விடும்.

விஜயபாண்டி முன்கோபி, ஆனால் தங்கச்சி மேல் உயிர். ஜீப் ஓட்டிப் பிழைக்கிறவன். அவன் பெண்டாட்டி பானுப்பிரியாவும் கெட்டவள் இல்லை. ஒரே ஒரு ஹால், ஒரு அடுப்படி, இரண்டு பிள்ளைகள். ஹாலில் பாதியை ஒரு நோயாளி பாய் அடைத்துக்கொண்டால் யாருக்குத்தான் முகம் சுருங்காது? ஒரு நாள் பக்கத்து வீட்டுக்காரியிடம் அவள் தாழ்ந்த குரலில், "எத்தன நாளைக்குன்னு ஆசுபத்திரியிலயும் ஒண்ணும் சொல்ல மாட்டேங்குறாகக்கா" என்று சொன்னாள். ஜோதி பாயில் கண்ணை மூடிக் கிடந்தாள். தூங்கவில்லை.

அடுத்த முறை முத்துக்கண்ணன் வந்தபோது அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னைய மேல கூட்டிட்டுப் போயிருங்க மாமா. செத்தாலும் நம்ம வீட்டுல கெடந்து சாவுறேன். இங்க மூச்சு முட்டுது."

அவ்வளவுதான் அவள் கேட்டது. மெஷினில் கிடந்துவிட்டு வந்து தன் வீட்டுப் பாயில் படுக்கவேண்டும். அதற்கு அவனிடம் இருந்தது பதினைந்து வருசத்து நூறு சிசி பைக் ஒன்று. ஒரு நாள் ஏற்றிப் பார்த்தான். நாலாவது வளைவிலேயே முதல் கியரிலும் இழுக்காமல் புகை தள்ளிக்கொண்டு நின்றுவிட்டது. ஜோதி இறங்கி ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்துகொண்டாள். அரை மணி கழித்து வந்த காய்கறி வேன்காரர் மனமிரங்கி ஏற்றிக்கொண்டார்.

அன்றைக்குத்தான் யாரோ சின்ராசுவைப் பற்றிச் சொன்னார்கள். முந்தல் போகிற ரோட்டில் தகரக் கொட்டகை போட்ட மெக்கானிக். ஐம்பத்தைந்து வயது, காது கொஞ்சம் மந்தம், ஆனால் இன்ஜின் சத்தம் மட்டும் நன்றாகக் கேட்கும். பழைய வண்டிகளுக்குப் பெரிய போர், அதாவது அகலமான சிலிண்டர், மாட்டி மலையேற வைப்பதில் பேர் போனவர். மேலே உரமூட்டை ஏற்றுகிற பைக்குகளில் பாதி அவர் கை பட்டவை.

சின்ராசு கிக்கரைக் காலால் மெல்ல அமுக்கிப் பார்த்தார்.

"இதுல மூச்சே இல்லையேப்பு. எத்தன மூட்ட ஏத்தணும்?"

"மூட்ட இல்லண்ணே. நானும் எம் பொண்டாட்டியும். அவளுக்கு ஒடம்பு முடியாது. வாரம் ரெண்டு வாட்டி தேனிக்குப் போய்ட்டு வரணும்."

சின்ராசு கிக்கரிலிருந்து காலை எடுத்தார். பிறகு, "வண்டிய விட்டுட்டுப் போ" என்றார்.

பழைய சிலிண்டரைக் கழற்றிப் போட்டுவிட்டு, துளை அகலமான புது சிலிண்டரும் அதற்கேற்ற பெரிய பிஸ்டனும் மாட்டுவதுதான் வேலை. பார்சலில் இரண்டும் சேர்ந்த கிட்டு வந்தது. பெரிய சிலிண்டர் உட்காருவதற்கு இன்ஜினின் வாயை லேத்துப் பட்டறையில் கொடுத்துக் கடைந்து வாங்கினார். கார்பரேட்டரில் பெட்ரோல் கூடுதலாகப் பாய்கிற பெரிய ஜெட் போட்டார். பத்து நாளில் வண்டி நூற்று நாற்பது சிசி ஆகிவிட்டது. முதல் உதையிலேயே எடுத்த சத்தத்தைக் கேட்டு முத்துக்கண்ணனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சின்ராசு அவன் தோளைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினார்.

"இப்பக் கேட்டுக்க. பிஸ்டனும் புதுசு, சிலிண்டரும் புதுசு. ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு படியணும். படியாம லோடு ஏத்தினேன்னு வையி, சூட்டுல கவ்விப் பிடிச்சுக்கும். ஐநூறு கிலோமீட்டரு ஒத்த ஆளா ஓட்டு. முறுக்காத. தேவாரம் ரோட்டுல, தேனி ரோட்டுல, சமதரையில பதமா ஓட்டு. ஐநூறு ஆகுற வரைக்கும் தங்கச்சிய ஏத்திராத."

"சரிண்ணே."

"சரின்னுட்டு வெரசா ஏத்திட்டு வந்து என் முன்னால நிக்கக்கூடாது."

கொட்டகைச் சுவர் நிறைய சாக்பீஸ் எழுத்து. போர் மாட்டிய ஒவ்வொரு வண்டிக்கும் சொந்தக்காரன் பெயர், அன்றைய மீட்டர் எண், அதோடு ஐநூறு கூட்டி எழுதிய எண். ஆள் திரும்பி வந்தால் சின்ராசு முதலில் மீட்டரைத்தான் பார்ப்பார். ஏமாற்றுகிறவர்களை ஏசித் திருப்பி அனுப்பிவிடுவார். முத்துக்கண்ணன் பெயரும் சுவரில் ஏறியது.

ஆவணி மாசம், காய் சீசன். ஸ்டோர் அடுப்பு அணையாத காலம். தேவாரம் ரோட்டில் சும்மா போய்ச் சும்மா வர அவனுக்கு எங்கே நேரம்? ஜோதியைப் பார்க்க இறங்குகிற நேரம்தான் அவனுக்கு வாய்த்த நேரம். எஸ்டேட்டிலிருந்து போடி போய்வந்தால் அறுபது கிலோமீட்டருக்குமேல் ஆகிறது, எட்டு நடை போனால் கணக்கு முடிந்தது என்று நினைத்தான். சமதரையாய் இருந்தால் என்ன, மலையாய் இருந்தால் என்ன, கிலோமீட்டர் கிலோமீட்டர்தானே?

ஏறும்போது முறுக்காமல், முக்காமல், பச்சைப்பிள்ளையைத் தூக்கிவருவதுபோல ஏறினான். இறங்கும்போது மெட்டில் சாவியைத் திருப்பினான். அதில் அவனுக்குத் துளி சந்தேகம் வரவில்லை. பதமாக ஓட்டு என்றார் சின்ராசு. அணைத்துப் போட்டு இறங்குவதைவிடப் பதம் ஏது? புது இன்ஜினுக்கு ஓய்வு கொடுப்பதாகத்தான் நினைத்தான். மீட்டர் மட்டும் நில்லாமல் ஓடியது. அந்த வண்டியில் மீட்டர் கம்பி முன்சக்கரத்தோடு கோத்தது. சக்கரம் உருண்டால் எண் ஏறும். இன்ஜின் உயிரோடு இருக்கிறதா, செத்துக் கிடக்கிறதா என்று அதற்கு என்ன தெரியும்?

ஒவ்வொரு நடைக்கும் ஜோதி பாயிலிருந்து எழுந்து உட்கார்ந்து முதலில் அதைத்தான் கேட்பாள்.

"எத்தன ஆச்சு மாமா?"

"நூத்தித் தொண்ணூறு."

அடுத்த நடை, "இருநூத்தி அம்பது." அதற்கடுத்தது முந்நூறைத் தாண்டியது. நடுவில் போனிலும் கேட்பாள். நானூற்று நாற்பதைத் தாண்டியபோது தன் சேலைகளை எடுத்து மடித்துப் பையில் வைத்துவிட்டாள். "இன்னும் ஒரு நடைதான மதினி" என்று பானுப்பிரியாவிடம் சிரித்துக்கொண்டே சொன்னாள். பானுப்பிரியா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அன்றைக்குத் தான் பேசியது இவள் காதில் விழுந்திருக்கிறது என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

எட்டாம் நடையில் மீட்டர் சுவர் எண்ணைத் தாண்டி ஏழு கிலோமீட்டர் கூடவே காட்டியது. சின்ராசு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு எண்ணையும் ஒத்துப் பார்த்தார். ஆயிலை மாற்றினார். ரோட்டில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தார்.

"கொஞ்சம் இறுக்கமாத்தான் இருக்கு. ஓட ஓடச் சரியாயிரும். கூட்டிட்டுப் போப்பு."

அன்றைக்கு ஜோதியைப் பின்னால் உட்காரவைத்து அவன் மலை ஏறினான். சாயங்காலச் சாரல். மாலை நேரக் குளிரில் வண்டி சூடே ஏறாமல், நாலாவது வளைவையும் தாண்டி, பதினேழையும் தாண்டி, கல்பாதையிலும் மூக்குச் சிந்தாமல் ஏறி, பட்டர் பழ மரத்தடியில் போய் நின்றது. ஜோதி இறங்கி, வீட்டுச் சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு அழுதாள். லயத்துப் பெண்கள் ஓடிவந்து சூழ்ந்துகொண்டார்கள். அவளுக்குத் தண்ணீர் அளந்துதான் குடிக்கவேண்டும்; அன்றைக்கு மட்டும் தன் அடுப்பில் தானே போட்ட, பால் ஊற்றாத கட்டன் காப்பி முழு டம்ளர் குடித்தாள்.

இரண்டு வாரம். மொத்தமே இரண்டு வாரம்தான் அந்தச் சந்தோசம். நாலு தரம் இறங்கினார்கள், முதல் நாளோடு சேர்த்து நாலு தரம் ஏறினார்கள். இறங்கும்போது அவன் வழக்கம்போல இன்ஜினை அணைத்துவிடுவான். காற்றும் டயர் சத்தமும்தான் இருக்கும். ஜோதி அவன் முதுகில் கன்னத்தை வைத்துக்கொண்டு வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வருவாள், பீன்ஸ் காய்த்தது, பக்கத்து வீட்டுக் கோழி முட்டையிட்டது என்று. இதைவிடப் பெரிதாக வாழ்க்கையில் அவர்கள் எதையும் கேட்டதில்லை.

ஐந்தாவது ஏற்றத்தன்று சாரல் இல்லை. புரட்டாசி வெயில் மண்டையைப் பிளந்தது. ஆஸ்பத்திரியில் மெஷின் முன்னதாகவே கிடைத்ததால் சீக்கிரமே முடிந்துவிட்டது. உச்சி கடந்து கொஞ்ச நேரத்திலேயே முந்தலைத் தாண்டிவிட்டார்கள். ஒன்பதாவது வளைவில் வண்டி இழுவை குறைந்ததை முத்துக்கண்ணன் கவனித்தான். அங்கேயே நிறுத்தி ஆறவிட்டிருக்கவேண்டும். ஸ்டோரில் சூடு ஒரு நூல் கூடினாலும் மூக்கால் கண்டுபிடிக்கிற மனுசன், காலுக்குக் கீழே ஒரு இன்ஜின் வெந்துகொண்டிருப்பதைக் கண்டுபிடிக்கவில்லை. பின்னால் ஜோதி தலை சாய்ந்து துவண்டிருந்தாள். சீக்கிரம் வீட்டில் சேர்த்துவிடவேண்டும் என்ற ஒரே நினைப்பில் இன்னும் முறுக்கினான்.

பதினோராவது வளைவில் கீச்சென்று ஒரு சத்தம். பின்சக்கரம் அப்படியே பூட்டிக்கொண்டது. வண்டி இடது பக்கம் சாய்ந்தது. அவன் காலை ஊன்றப் பார்த்தான், முடியவில்லை. ஜோதி ரோட்டில் விழுந்தாள். இடது கை வண்டிக்குக் கீழே சிக்கியது.

பெரிய ரத்தக்காயம் இல்லை. எலும்பும் உடையவில்லை. அவன் வண்டியைத் தூக்கி எறிந்துவிட்டு அவளை மடியில் கிடத்தினான். கை முழங்கைக்குக் கீழே கன்றிப்போய் வீங்கிக்கொண்டு வந்தது. தைத்த இடத்தில் விரலை வைத்தான். விரலை மாற்றி வைத்தான். உள்ளங்கையை வைத்து அமுக்கினான். ஒன்றும் ஓடவில்லை.

"இருக்கா மாமா?" என்றாள் ஜோதி.

"இருக்கு, இருக்கு" என்றான்.

தோட்டத்து ஆட்களை ஏற்றிக்கொண்டு இறங்கிய முதல் ஜீப்பில் இருந்த பெண்கள் இறங்கி நின்று அவளுக்குப் படுக்க இடம் கொடுத்தார்கள். தேனியில் டாக்டர் கையைப் பார்த்துவிட்டு, உள்ளே ரத்தம் உறைந்து நரம்பு அடைத்துவிட்டது, இனி அந்தக் கை உதவாது என்றார். வலது கையில் பார்த்தார்கள், நரம்பு நூலாக இருந்தது. கழுத்தில் குழாய் சொருகினார்கள். அந்தக் குழாயோடு மலைக்கெல்லாம் போகக்கூடாது, கிருமி ஏறினால் உயிருக்கு ஆபத்து, ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே இருக்கவேண்டும் என்றார்கள். ஜோதி மறுபடி அண்ணன் வீட்டு ஹாலில் அதே பாயில் வந்து படுத்தாள். இந்த முறை பானுப்பிரியா ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை. தலை வாரிவிட்டாள், துணி அலசினாள். ஒரு மாசத்துக்குள் இரண்டு தரம் குளிர்க்காய்ச்சல் வந்தது. இரண்டாம் காய்ச்சலுக்குப் பிறகு டாக்டர் முத்துக்கண்ணனைத் தனியாகக் கூப்பிட்டு, இன்னொரு தரம் வந்தால் தாங்கமாட்டார்கள் என்று சொல்லிவிட்டார்.

இதற்கிடையில் வண்டி சின்ராசு கொட்டகைக்குப் போயிருந்தது. அவர் இன்ஜினைப் பிரித்தபோது முத்துக்கண்ணன் பக்கத்தில் நின்றான். பிஸ்டனின் ஒரு பக்கம் உரிந்து உருகி சிலிண்டரோடு ஒட்டியிருந்தது. ஒட்டாத பக்கத்தை அவர் துணியால் துடைத்து வெளிச்சத்தில் பிடித்தார். ஓட ஓடத் தேய்ந்து மறையவேண்டிய புதுக் கடைசல் கோடுகள் அழியாமல் அப்படியே இருந்தன.

"ஐநூறு ஓடின பிஸ்டனு இல்லையே இது" என்றார். "மீட்டர நானே பாத்தேன். எங்க ஓட்டின?"

"மலைக்கும் போடிக்கும்தாண்ணே. அவளப் பாக்க வர்றப்ப."

சின்ராசு நிமிர்ந்தார்.

"எறக்கத்துல ஆஃப் பண்ணிட்டா எறங்குன?"

முத்துக்கண்ணன் தலையைக் குனிந்துகொண்டான். சின்ராசு பிஸ்டனைக் கீழே வைத்துவிட்டுத் தலையில் கைவைத்து உட்கார்ந்தார்.

"ஐநூறுல எறநூறு இன்ஜினே ஓடல. மிச்சத்துல பாதிக்கு மேல மொட்ட ஏத்தம். அடப்பாவி, அடப்பாவி... நானாச்சும் வாயத் தொறந்து சொல்லிருக்கணும். எல்லாப் பயலும் அணைச்சுப் போட்டுத்தான் எறங்குறான்னு எனக்குத் தெரியும்ல."

விஜயபாண்டிக்கு இதெல்லாம் தெரியாது. தங்கச்சி கை போனதற்கு மெக்கானிக்தான் காரணம் என்று அவன் முடிவு கட்டிவிட்டான். மறுநாளே கொட்டகைக்குப் போய் சின்ராசுவின் சட்டையைப் பிடித்தான். முத்துக்கண்ணனும் கூட இருந்தான். ரோட்டில் போன சனமெல்லாம் நின்று வேடிக்கை பார்த்தது.

"ஓட்டை இன்ஜின மாட்டிக் குடுத்து எந் தங்கச்சிய சாவடிக்கப் பாத்தியேடா! நீயெல்லாம் மெக்கானிக்கா?"

"என்னையக் கேக்காத. ஒம் மாப்ளயக் கேளு" என்று கத்தினார் சின்ராசு.

விஜயபாண்டி திரும்பினான். முத்துக்கண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். சொல்லிவிடவேண்டும் என்று வாயைத் திறந்தான், சத்தம் வரவில்லை. சின்ராசு அவனையே பார்த்தார். கீழே கிடந்த ஸ்பேனரை எடுத்துப் பெட்டிக்குள் போட்டுவிட்டு உள்ளே போனார். பழியை மாப்பிள்ளை மேல் தள்ளப் பார்த்தான் என்றுதான் விஜயபாண்டி எடுத்துக்கொண்டான். அந்த வாரத்திலேயே மலையெங்கும் பேச்சுப் பரவியது. சின்ராசு மாட்டின போர் நடு ரோட்டில் பூட்டிக்கொள்கிறது என்றார்கள். உரமூட்டைக்காரர்கள் வேறு கடை பார்க்கப் போனார்கள்.

முத்துக்கண்ணனுக்குச் சோறு இறங்கவில்லை. செய்த தப்பு ஒரு பக்கம், அதைச் சுமக்கிற ஆள் இன்னொரு பக்கம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பானுப்பிரியா பிள்ளைகளோடு கடைக்குப் போயிருந்தாள். விஜயபாண்டி தெருவில் நின்று யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தான். ஹாலில் ஜோதியும் அவனும்தான். கழுத்துக் குழாயை மறைத்துத் துணி போட்டிருந்தாள். முகம் சாம்பல் பூத்திருந்தது. முத்துக்கண்ணன் பாய் ஓரத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னான். மெட்டில் சாவியைத் திருப்பியது, எட்டு நடை, எறநூறு கிலோமீட்டர், சின்ராசு கேட்டது, தான் வாய் திறக்காதது. சொல்லி முடித்தபோது தேம்பிக்கொண்டிருந்தான்.

"நாந்தான் ஜோதி. எம் புத்தி கெட்ட பழக்கந்தான். அந்த மனுசன் மேல ஒரு குத்தமும் இல்ல. இப்பவே ஒங்கண்ணங்கிட்டச் சொல்லிர்றேன்."

ஜோதி மூச்சு வாங்கிக்கொண்டு அவன் பக்கம் திரும்பினாள். பிறகு நல்ல கையால் அவன் வாயைப் பொத்தினாள்.

"சொல்லாதீக."

"பாவம் ஜோதி அவரு."

"பாவந்தான். எனக்குத் தெரியாதா? எங்கண்ணனப் பத்தி ஒங்களுக்குத் தெரியும்ல. இது தெரிஞ்சா ஒங்கள இந்தப் படி ஏறவிட மாட்டான். வெட்டினாலும் வெட்டுவான். எனக்கு இன்னும் எத்தன நாளு? அதுவரைக்கும் நீங்க பக்கத்துல இருக்கணும் மாமா. நான் கண்ண மூடினப்பெறகு யாருகிட்ட வேணாலும் சொல்லிக்கங்க."

அவன் தலையை ஆட்டினானா, இல்லையா என்று அவனுக்கே தெரியாது. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. விஜயபாண்டி போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டே உள்ளே வந்தான். தங்கச்சி நெற்றியைத் தொட்டுச் சூடு பார்த்தான். திருப்தியாய் எதிரில் உட்கார்ந்தான்.

"மாப்ள, அந்தாளு கொட்டகை போட்டிருக்குற எடத்துக்காரர் நம்ம பழக்கந்தான். பேசிட்டேன். நீ நாளைக்கு வந்து, அவன் சொன்ன மாதிரியே ஐநூறும் ஓட்டுனேன், அப்பறமும் பூட்டிக்கிச்சுன்னு ஒரு வார்த்த சொன்னாப் போதும். அன்னைக்கே சாமானத் தூக்கி வெளிய வச்சிருவாரு. இனி அந்தாளு இந்த ஊருல ஸ்பேனரத் தொடக்கூடாது. வந்து சொல்லுவேல்ல?"

ஜோதி முத்துக்கண்ணன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வந்து சொல்றேன் மச்சான்" என்றான் முத்துக்கண்ணன்.